பானை ஏறுவதற்கு முன்

1

மெல்பர்னில் பொங்கல் சனிக்கிழமைதான் வரும். சூரியன் எந்த ராசிக்குள் நுழைந்தாலும் சரி, வாடகை அரங்கம் எந்தச் சனிக்கிழமை காலியாக இருக்கிறதோ அன்றுதான் இங்கே தை பிறக்கிறது. அரங்கத்துக்குள் நெருப்பு மூட்டக் கூடாது. புகை எழுந்தால் கூரையில் இருக்கும் கருவி அலறும். அலறினால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். ஆகவே மின்சார அடுப்பில் பானையை வைத்து, பால் பொங்கும் நேரத்தில் ஒருவர் ஜன்னலைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். ஆவிக்கும் புகைக்கும் அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாதாம். இதற்கான அனுமதி விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான். ஓய்வு பெறும்வரை நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது அலுவலகத்தின் தலைமை எழுத்தராக இருந்தவள் என்று தெரிந்ததிலிருந்து இங்குள்ள சங்கத்தார் எந்தத் தாளை நிரப்புவதானாலும் என்னிடம் கொண்டுவருகிறார்கள்.

இந்த வாரம் அந்தச் சங்கத்து இளைஞர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஆன்ட்டி, போன வருஷம் நீங்க ஊருக்குப் போயிட்டீங்க. இந்த வருஷம் கும்மி உங்க தலைமையிலதான்."

"இந்த வருஷம் எங்களை விட்டுடுங்க தம்பி."

"உங்க பேத்தி நல்லாப் பாடுவாளாமே?"

"பாடுவா."

"அப்புறம் என்ன ஆன்ட்டி?"

ஒரு வரியில் சொன்னால் அவர் அனுதாபப்பட்டிருப்பார். இரண்டு வரியில் சொன்னால் சிரித்திருப்பார். முழுதாகச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். அதற்கு அவருக்கு நேரம் இல்லை. ஊரில் இருக்கும் உங்களுக்கு இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

2

போன வருடம் நாங்கள் நான்கு பேரும் ஊருக்குப் போனோம். நான், மகன் செந்தில், மருமகள் கவிதா, பேத்தி யாழினி. எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது. கணவர் இறந்து நான் மகனோடு மெல்பர்னுக்கு வந்தபின், வீடு பூட்டியே கிடந்தது. எல்லோரும் சேர்ந்து பொங்கலுக்குப் போவது அதுதான் முதல் முறை.

மார்கழி பாதி தாண்டினால் எனக்குப் பரபரப்பு தொற்றிக்கொள்ளும். இது என்னுடைய பருவம். தீபாவளி மற்றவர்களுடையது, பட்டாசும் துணிக்கடையும் அதைப் பார்த்துக்கொள்ளும். பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பெண்மக்கள் எல்லோரும் வந்து சேர்வார்கள். பானை பொங்கியதும் அதைச் சுற்றிக் கும்மி அடிப்போம். ஊரெல்லாம் காணும் பொங்கலன்று ஆற்றங்கரையில்தான் அடிக்கும். எங்கள் வீட்டில் முதல் கும்மி பானைக்கு. ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் கடைசி அடியைத் திருப்பிப் பாடுவார்கள். எடுத்துக் கொடுப்பவள் வீட்டின் மூத்த பேத்தியாக இருக்க வேண்டும். வெகு காலமாக அந்த இடம் காலியாக இருந்தது. ஊரில் இருக்கும் என் நாத்தனார் சரோஜாதான் தற்காலிகப் பொறுப்பு வகித்தாள். அரசாங்கத்தில் தற்காலிகப் பொறுப்பு எத்தனை ஆண்டு நீளும் என்பது தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

யாழினி மூத்த பேத்தி. ஒரே பேத்தியும்கூட. பதின்மூன்று வயது. பள்ளியில் வயலின் வாசிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை விட்டுவிட்டாள். 'போர்' என்றாள். என்னோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டிருந்தாள். சாத்திய கதவின் இந்தப் பக்கம் நின்று நான் "சாப்பிட்டியா?" என்பேன். அந்தப் பக்கத்திலிருந்து "ம்" வரும். அதற்குமேல் எங்களுக்குள் மொழி தேவைப்படவில்லை.

ஒருநாள் சரோஜா வீடியோவில் எனக்குக் கும்மி பாடிக் காட்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. யாழினி என் பின்னால் வந்து நின்று, கையால் தாளம் போட்டுப் பார்த்தாள். "இதை எனக்கு அனுப்பச் சொல்லுங்க" என்றாள். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை சரோஜா கற்றுக்கொடுத்தாள்.

ஆத்துத் தண்ணி வாய்க்கா வந்து
வாய்க்காத் தண்ணி வயலு வந்து
வயலு நெல்லு வாசல் வந்தா
வாங்கடி பொண்ணுங்களா கும்மியடி

பல வாரம் அவள் 'வயலின் நெல்லு' என்றுதான் பாடினாள். யாரும் கவனிக்கவில்லை. பிறகு அவளே கேட்டாள்.

"அத்தைப் பாட்டி, வயலின்ல எப்படி நெல் வரும்?"

"உன் வயலின்ல வராதுடி குட்டி. எங்க வயலுல வரும்."

திரையின் இரு பக்கமும் சிரித்தார்கள். தன்னைப் பார்த்துச் சிரித்தால் கணினியை மூடிவிடுகிற பெண் அன்று தானும் சிரித்தாள். அந்த நொடியில்தான் எனக்கு பயம் வந்தது. இது நடந்துவிட வேண்டுமே என்கிற பயம். இந்த ஒரு பொங்கல் அவளைச் சுற்றி நின்று எல்லோரும் திருப்பிப் பாடிவிட்டால், அவள் எங்களில் ஒருத்தி. நடக்காமல் போனால், அடுத்த தடவை அவளுக்குப் பதினைந்தோ பதினாறோ ஆகியிருக்கும். அப்போது கதவைத் தட்டினால் "ம்"கூட வராது.

3

நடக்காமல் போவதற்குக் காரணம் ஒன்று சுவாமிமலையில் கட்டிலில் படுத்திருந்தது. பெயர் ராஜமாணிக்கம். என் மாமனாருடைய அண்ணன் மகன். எனக்கு மூத்தார் முறை, செந்திலுக்குப் பெரியப்பா. ஒரே வம்சத்து ஆண்வழிப் பங்காளி. ஊரில் அவர் வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்து. வயலுக்கும் ஒரே வாய்க்கால், நடுவில் ஒரு மடை. அந்த மடையை எவ்வளவு திறப்பது என்பதில் அவருக்கும் என் கணவருக்கும் தகராறு வந்து, இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. வழக்கு மட்டும் போடவில்லை. நீதிமன்றத்தில் வேலை பார்ப்பவள் வீட்டில் இருந்தால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். எத்தனை வாய்தா ஆகும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவாள்.

பேச்சு நின்றாலும் தீட்டு நிற்பதில்லை. என் கணவர் இறந்தபோது அவர் வந்தார். பங்காளி செய்ய வேண்டிய முறைகளை ஒன்று விடாமல் செய்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது சொல்லிக்கொள்ளவும் இல்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதால் அதிலும் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவருக்கு ஆண்பிள்ளை கிடையாது. ஒரே மகள், தமிழரசி. எல்லோருக்கும் அரசி. சுவாமிமலையில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவுக்குக் கை கால் விழுந்தபின் அவள்தான் கூட்டிப்போய் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடினால் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, தலைத்திவசம் முடியும்வரை எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை. இரண்டு, மகன் இல்லாதவருக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் பங்காளி மகன் செந்தில். வைத்தவன் கருமாதி முடியாமல் ஊரைவிட்டு நகர முடியாது.

இதை முன்கூட்டியே யோசித்து, கிளம்புவதற்கு முன்பே செந்தில் வேலை பார்க்கும் இடத்தின் விடுப்பு விதிகளை வாங்கிப் படித்தேன். துக்க விடுப்பு நெருங்கிய உறவினருக்கு மட்டும். பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் அங்கே 'அங்கிள்'. அங்கிள் நெருங்கிய உறவினர் அல்ல. ஒரு மனிதரின் சிதைக்கு நெருப்பு வைக்கும் உரிமை உள்ளவனுக்கு அதற்காக அரைநாள் விடுப்பு எடுக்கும் உரிமை கிடையாது. விதியில் பிழை இல்லை. அதை எழுதியவருக்குப் பங்காளிகள் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே வீட்டில் கூடியிருந்த எல்லோர் மனத்திலும் ஒரே கேள்வி. பெரியவர் பொங்கலைத் தாண்டுவாரா? யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. "சாமிமலைல எப்படி இருக்காங்களாம்?" என்பார்கள். "அப்படியேதான்" என்று பதில் வரும். எல்லோரும் மூச்சு விடுவார்கள். தான் அப்படியே இருக்க வேண்டும் என்று இத்தனை பேர் வேண்டிக்கொண்டது தெரிந்திருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார்.

போகிப் பண்டிகையன்று மஞ்சள் கொத்தைக் கழுவிக்கொண்டே சரோஜா கேட்டாள்.

"காதுல விழுந்தாத்தானே அண்ணி தீட்டு?"

"ஆமா. கேட்ட நேரத்துலேர்ந்துதான்."

"பானை ஏறினதுக்கு அப்புறம் கேட்டா?"

"அடுப்புல ஏறின பானைய எறக்க வேணாம். பொங்கி, படைச்சுட்டு, அப்புறம் தலைமுழுகிக்கலாம். மாமியார் காலத்துலயே அப்படி ஒரு தடவை நடந்திருக்கு."

"அப்ப நாளைக்குப் பானை ஏத்துற வரைக்கும் ஒருத்தரும் போனைத் தொடக் கூடாது. ஏய் செந்திலு, காதுல விழுந்துச்சா?"

"ஆபீஸ்லேர்ந்து வந்தா அத்தை?"

"உங்க ஆபீஸ்ல யாரும் நமக்குப் பங்காளி இல்லடா."

செந்தில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சம்மனை வாங்காமல் இருப்பதற்காக மக்கள் செய்யும் தந்திரங்களை என் வேலைக் காலம் முழுவதும் பார்த்தவள் நான். சம்மன் கொடுக்க வரும் அமீனா தெருமுனையில் திரும்பும்போதே கொல்லைப் பக்கமாக வயலுக்குப் போய்விடுவார்கள். உரியவர் கையில் சேர்ந்தால்தான் அது சார்வு ஆனதாக அர்த்தம். சேராதவரை வழக்கு நகராது. நாளைக் காலை அந்தக் கூட்டத்தில் நானும் சேரப்போகிறேன் என்பது புரிந்தது. எதிர்ப்பு ஒன்றும் தெரிவிக்கவில்லை.

4

பொங்கலன்று காலை சரோஜா எல்லோருடைய போனையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். செந்திலின் போன் மட்டும் யாழினியிடம் இருந்தது. சரோஜா பாடி அனுப்பிய பாட்டு அதில்தான் இருந்தது. அவள் மாடியில் நின்று, அதைக் கேட்டுக் கேட்டுக் கடைசியாக ஒருமுறை பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் கோலத்தின் நடுவே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கரும்பைச் சாத்தியாகிவிட்டது. நான் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

பட்டுப் பாவாடை தடுக்க யாழினி இறங்கி வந்தாள்.

"அப்பாயி, போன்ல அரசி அத்தைன்னு ஒருத்தங்க பேசினாங்க."

என் கை அரிசிக்குள் நின்றது.

"என்ன சொன்னாங்க?"

"பெரிய தாத்தா தவறிட்டாங்களாம்."

வாசலில் சரோஜா யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"உனக்கு என்னன்னு புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. தாத்தா ஏதோ தப்புப் பண்ணிட்டார். பெரிய தப்பு போல. அவங்க அழுதாங்க. ஊருக்குக் கொண்டுவரணும்னு சொன்னாங்க. என்னன்னு தெரியலை. அப்புறம் வச்சுட்டாங்க."

தவறு என்றால் பிழை. தமிழ் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சாவை நேராகச் சொல்ல நாக்கூசி நாம் கண்டுபிடித்த சொல் பாடப் புத்தகத்தில் இல்லாதது ஆசிரியரின் குற்றம் அல்ல.

"அப்பாகிட்ட சொல்லணுமா?"

"நான் சொல்லிக்கிறேன். நீ வாசலுக்குப் போ."

அவள் போனாள். எனக்கு நடைமுறை விதி கண்முன்னே வந்து நின்றது. சம்மனை உரியவரிடம் கொடுக்க முடியாவிட்டால் அவர் குடும்பத்தில் வயதுவந்த ஒருவரிடம் கொடுக்கலாம். மைனரிடம் கொடுத்தால் செல்லாது. பேத்தி மைனர். அதற்கும் மேல், என்ன சொன்னார்கள் என்பதே அவளுக்கு விளங்கவில்லை. அப்படியானால் இந்த வீட்டுக்கு இன்னும் எதுவும் சார்வு ஆகவில்லை. செந்திலுக்குத் தெரியாது. எனக்கு? எனக்குத் தெரிந்தது ஒரு குழந்தை தப்பும் தவறுமாகச் சொன்ன செவிவழிச் செய்தி. செவிவழிச் செய்தி சாட்சியம் ஆகாது. பானை ஏற இன்னும் சில நிமிடம்தான். ஏறிவிட்டால் அப்புறம் நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

வாதம் உறுதியாக இருந்தது. மேல்முறையீட்டிலும் நின்றிருக்கும்.

அரிசியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பெண்கள் வட்டமாக நிற்கத் தொடங்கியிருந்தார்கள்.

"மாடில யாருகூடடி பேசிக்கிட்டிருந்தே குட்டி?" என்றாள் சரோஜா.

யாழினி என்னைப் பார்த்தாள்.

"பாட்டுத்தான் கேட்டுக்கிட்டிருந்தா" என்றேன் நான்.

சரோஜா என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று முடிவு செய்து கேட்காமல் இருந்தாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். "செந்திலு, நல்ல நேரம் வந்தாச்சு. பானையத் தூக்குடா" என்றாள்.

செந்தில் கிழக்கே திரும்பிப் பானையை எடுத்தான். கவிதா சூடம் ஏற்றினாள். யாழினி என் பக்கத்தில் வந்து, கைகளைக் கும்மிக்குத் தயாராகச் சேர்த்து வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"அவங்ககிட்ட நான் ரூடா பேசலை அப்பாயி. நல்லாத்தான் பேசினேன்."

"என்ன பேசினே?"

"பரவாயில்லைன்னு சொன்னேன். தப்பு எல்லாரும் பண்றதுதானே, பரவாயில்லை அத்தைன்னு."

விதி அத்தனையும் என் தலைக்குள் இடிந்து விழுந்தது. சம்மன் வரவில்லை என்று சொல்பவன் வாயைத் திறக்கக் கூடாது. பதில் சொன்னவன் எனக்கு வரவில்லை என்று பிறகு சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலிருந்து பதில் போய்விட்டது. அப்பா செத்துப்போய்விட்டார் என்று ஒருத்தி அழுதுகொண்டு சொன்னதற்குப் பங்காளி வீட்டிலிருந்து போன பதில், பரவாயில்லை.

"செந்தில், பானையைக் கீழே வை."

"என்னம்மா?"

"அடுப்புல வைக்காதே. தரையில வை. உன் பெரியப்பா தவறிட்டார்."

கவிதா கையில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. சரோஜாதான் முதலில் பேசினாள்.

"அண்ணி, ஏத்திட்டுச் சொல்லக் கூடாதா? ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் உங்க வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா? ஊரு ஒலகத்துக்கே சட்டம் சொல்றீங்க, இது தெரியாதா உங்களுக்கு?"

பேசிக்கொண்டே அவள் கை தலைக்குப் போய்ப் பூவைப் பிய்த்து எடுத்தது. வாய்க்குத்தான் கோபம், கை அதற்குள் துக்கத்துக்குப் போய்விட்டது. ராஜமாணிக்கம் அவளுக்கு அண்ணன். மடைச் சண்டையில் நாங்கள் யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

யாழினி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"தவறிட்டாங்கன்னா?"

"செத்துப்போயிட்டாங்கன்னு அர்த்தம்டி" என்றாள் சரோஜா.

குழந்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

5

அந்தப் 'பரவாயில்லை' எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் குடியிருக்கும் இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். பேருந்தில் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் 'நோ வொரீஸ்'. மருந்துக்கடையில் நன்றி சொன்னாலும் அதே. என் விசா விண்ணப்பத்தில் பிறந்த ஊரும் கடவுச்சீட்டு வாங்கிய ஊரும் இடம் மாறிவிட்டன என்று நான் பதறிப்போய் எழுதியபோது, அந்த அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் 'நோ வொரீஸ்' என்றார். பிறகு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்.

யாழினி அந்தச் சொல்லிலேயே வளர்ந்தவள். அதைத் தமிழாக்க அவளுக்குக் கிடைத்தது 'பரவாயில்லை'. யாரோ அழுகிறார்கள், ஏதோ தவறு நடந்துவிட்டது, ஆறுதல் சொல்ல வேண்டும். தனக்குத் தெரிந்ததில் மிக அன்பான சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இங்கே நின்று பார்க்கும்போது அது எளிதாகப் புரிகிறது. அன்று சுவாமிமலைக்குப் போகும் காருக்குள் புரிந்து என்ன பயன்? அரசிக்கு அல்லவா புரிய வேண்டும்?

6

அரசி போனை எடுக்கவில்லை. செந்தில் விடாமல் அழைத்துப் பார்த்தான். பிறகு வண்டியை எடுத்தான். நான், சரோஜா, யாழினி ஏறிக்கொண்டோம். கவிதா அடுப்பை அவிக்கவும் வந்தவர்களுக்குச் சொல்லவும் வீட்டில் தங்கிவிட்டாள். வழியெல்லாம் வீட்டுக்கு வீடு பொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியை ஏற்றியும் குலவைச் சத்தம் உள்ளே வந்தது.

"மைனராம், செல்லாதாம்" என்றாள் சரோஜா முன்னே பார்த்தபடி. நான் மறைத்ததையும் அதற்குச் சொல்லிக்கொண்ட நியாயத்தையும் வண்டியில் ஏறியதும் ஒப்புக்கொண்டிருந்தேன்.

யாழினி பாவாடையைக்கூட மாற்றவில்லை. "நான் என்ன சொல்லணும் அப்பாயி?" என்றாள்.

இன்ன விண்ணப்பத்துக்கு இன்ன வாசகம் என்று எனக்கு எப்போதும் தெரியும். இதற்குத் தெரியவில்லை. "தெரியலைம்மா" என்றேன்.

அரசியின் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பங்காளி வீட்டுப் பதிலைக் கேட்டபின் ஊரில் கதவு திறக்க ஆள் இல்லை என்றாகிவிட்டதால் இங்கேயே காவேரிக்கரையில் எடுத்துவிடலாம், மருமகனே கொள்ளி வைக்கட்டும் என்று பேசி முடித்திருந்தார்கள். அரசி நடையில் நின்றாள். எங்களைப் பார்த்ததும் வழியை விடவில்லை.

"வாங்க சித்தி. எங்க வீட்டுல இந்த வருஷம் பொங்கல் இல்ல. உங்க வீட்டுல பொங்கியாச்சா?"

"பானை ஏத்தல அரசி."

"ஏன் ஏத்தல? அதான் பரவாயில்லைன்னு சொல்லிட்டீங்கள்ல. சாவு சொன்னா அழுவாங்க, இல்ல வாய மூடிக்கிட்டு இருப்பாங்க. பரவாயில்லன்னு சொன்ன வீட்ட இன்னைக்குத்தான் பாக்குறேன். மடையத் தெறந்து விடலங்குறதுக்கு இம்மாம் பெரிய தண்டனையா சித்தி எங்கப்பாவுக்கு?"

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். செந்தில் வாயைத் திறந்தான். அதற்குள் யாழினி அவனைத் தாண்டி முன்னே போனாள்.

"அத்தை, அது நான். போன்ல பேசினது நான்."

அரசி அந்தப் பட்டுப் பாவாடையை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்குத் தவறிட்டாங்கன்னா தெரியாது. தாத்தா தப்புப் பண்ணிட்டார்னு நினைச்சேன். நீங்க அழுதீங்க. அதான் பரவாயில்லைன்னு… ஸாரி அத்தை. ரொம்ப ஸாரி."

"என்னன்னு நெனச்சே?"

"தப்புப் பண்ணிட்டார்னு."

அரசியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்தேன். சிரிப்பு. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது, சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று சொல்ல முடியாது.

"பண்ணாருதான்டி" என்றாள். "காலம் பூரா அதத்தான் பண்ணாரு. யாரு பேச்சக் கேட்டாரு அந்த மனுசன்?"

யாழினியின் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நடையில் வழி கிடைத்தது. செந்தில் கிட்டே போனான்.

"அக்கா, ஊருக்குக் கொண்டு போவோம். நான் இருக்கேன்."

"ஒனக்கு லீவு இருக்கா தம்பி?"

"இல்லக்கா. இருக்கேன்."

அதற்குப் பிறகு வண்டிக்குச் சொல்லி அனுப்பினார்கள். பண்டிகை நாளில் ஓட்டுநர் கிடைக்க நேரம் ஆனது. பெண்கள் உள்ளே போனோம். ராஜமாணிக்கத்தின் தாடை துணியால் கட்டப்பட்டிருந்தது. ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்ற பிடிவாதம் முகத்தில் அப்படியே இருந்தது. சரோஜா அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பிறகு அரசியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். கும்மிக்குச் சூடாக வைத்திருந்த குரல் அது, கணீரென்று வந்தது.

மடையத் தெறக்க மாட்டேன்னு
மல்லுக்கு நின்ன எங்கண்ணா
மறுபேச்சு பேசாம
மாலையோட படுத்தியே

மற்றப் பெண்கள் விசும்பினார்கள். அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த இடைவெளியில் என் பக்கத்திலிருந்து ஒரு தனிக் குரல், சுருதி பிசகாமல், கடைசி அடியைத் திருப்பிப் பாடியது.

மாலையோட படுத்தியே

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒப்பாரியை யாரும் திருப்பிப் பாடுவதில்லை. அவரவர் துக்கம் அவரவர் வாயில். யாழினிக்கு அது தெரியாது. ஒருத்தி பாடி நிறுத்தினால் மற்றவர்கள் திருப்ப வேண்டும் என்றுதான் அவளுக்குப் பல மாதமாகச் சொல்லிக் கொடுத்திருந்தோம். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். அவள் முகம் வெளிறியது. மறுபடியும் ஏதோ செய்துவிட்டோம் என்று புரிந்துவிட்டது அவளுக்கு.

அரசி தலையைத் தூக்கினாள்.

"விடுங்க சித்தி, பாடட்டும். எங்கப்பாவுக்குப் பின்பாட்டுப் பாட உசுரோட இருந்தப்ப ஒருத்தரும் இல்ல."

சரோஜா மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள். யாழினியைப் பார்த்தாள். அடுத்த அடியை எடுத்தாள், குழந்தைக்குச் சொற்கள் பிடிபடும்படி, கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி.